சிவப்பு மூடி

எங்கள் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மெஷினக்கா, அவ்வளவுதான். வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் அழைப்பார்கள். அவளும் அதை ஒரு பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் அனுப்பும் அலுவலகத்தின் சோதனைக்கூடம் எங்களுடையது. தண்ணீரில் என்ன உலோகம் கலந்திருக்கிறது, எவ்வளவு என்று பார்ப்பது அவள் வேலை. கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சன்னல். நான் என் கிருமித் தட்டுகளைப் பார்த்த நேரத்தைவிட அந்தச் சன்னல் வழியாக அவளைப் பார்த்த நேரம் அதிகம் என்று சொன்னால் சம்பளத்தில் கை வைப்பார்கள், ஆனாலும் அதுதான் உண்மை.

அவள் மெஷின் ஒரு நீள மேசையை முழுதாக அடைத்துக்கொண்டு கிடக்கும். நடுவில் நீலமாக ஒரு தீ. மெல்லிய குழாய் ஒன்று தண்ணீரை உறிஞ்சி அந்தத் தீயில் தூவும். தீயின் குறுக்கே ஒரு விளக்கின் ஒளி பாயும். செம்பு தேட ஒரு விளக்கு, ஈயம் தேட இன்னொரு விளக்கு. தண்ணீரில் செம்பு இருந்தால் செம்பு விளக்கின் ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிடும். எவ்வளவு விழுங்கியது என்று பார்த்து, எவ்வளவு இருக்கிறது என்று மெஷின் சொல்லும். காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து விளக்கைச் சூடேற்றி, தீயைப் பற்றவைத்து, "இன்னைக்காவது ஒழுங்கா இருப்பியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கைப்பையைக் கீழே வைப்பாள். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. பழுது பார்க்க வருகிற ஆள் திருகாணியைக் கழற்றினால் இவளுக்கு வலிக்கும்.

பட்டப்படிப்போடு நின்றவள் அவள். மேலே படித்து ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று ஆசை இருந்தது, இடமும் கிடைத்தது. அதற்குள் அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், கல்யாணத்தை அவசரமாக முடித்துவிட்டார்கள். இதை அவள் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, "அதனால என்ன இப்போ, எனக்கு என் மெஷின் இருக்கு" என்றாள். அப்படிச் சொன்ன விதத்திலேயே அந்த ஆசை இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் அவள் மூத்த மருமகள். மாமியாருக்கு அக்கம்பக்கத்தில் பெருமை பேச ஒரு வாக்கியம் இருந்தது. "எங்க வீட்டு மருமக பாத்து சரின்னு சொன்னாத்தான் இந்த ஊரே தண்ணி குடிக்கும்." இந்த வாக்கியத்தை மெஷினக்கா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் மாமியாரைக் கிண்டல் செய்வதுபோல. கிண்டல் செய்கிற ஆள் அதை அவ்வளவு ஆசையாகச் சொல்ல மாட்டாள்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்தவள் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அதுவும் எதில்? தண்ணீரில் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிப்பதில். உலகத்தில் எத்தனையோ படிப்பு இருக்கிறது; நட்சத்திரம் இருக்கிறது, தவளை இருக்கிறது, பழைய கல்வெட்டு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டுத் தன் வீட்டுக்கு வரப்போகிறவள் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டுமா என்று மெஷினக்கா டீயை வைத்துக்கொண்டு பொருமினாள். டீ ஆறிப்போனது.

"உனக்கு வயித்தெரிச்சல்" என்றேன் நான்.

"எனக்கு எதுக்கு வயித்தெரிச்சல்? சின்னப் பொண்ணு அவ" என்றாள். ஆனால் முகம் அதைச் சொல்லவில்லை.

சின்னவள் வந்த கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு வேடிக்கை காட்டினாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, கைவிரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து வைத்தாள். உள்ளே லேசான பழுப்பு நிறத்தில் ஏதோ தண்ணீர். டீயை நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் இருக்குமே, அப்படி. சிட்ரிக் அமிலத்தையும் யூரியாவையும் சேர்த்து அடுப்பில் வேகவைத்து எடுத்ததாம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள் மிதக்கின்றனவாம். ஒரு முடியின் தடிமனில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்குமாம். ஊதா டார்ச்சை அடித்தாள். குப்பி முழுக்க நீலமாகப் பற்றிக்கொண்டது. மாமியார் "அம்மாடி!" என்று கை தட்டினாள். பிறகு சின்னவள் செம்பு கரைந்த தண்ணீரை அதில் ஒரு சொட்டு விட்டாள். நீலம் மங்கி, மங்கி, அணைந்தே போயிற்று.

"செம்பு வந்து ஒட்டிக்கிட்டா இதுங்களால ஒளிர முடியாது அத்தை. அணைஞ்சா தண்ணியில செம்பு இருக்குன்னு அர்த்தம். மெஷின் வேணாம், கரண்ட் வேணாம். கிணத்தடியிலேயே நின்னு பாத்துடலாம்."

மெஷின் வேண்டாம். அந்த வார்த்தை மட்டும் மெஷினக்காவின் காதில் தனியாக விழுந்தது.

"எவ்வளவு இருக்குன்னு சொல்லுமா இது?" என்று கேட்டாள்.

"தோராயமாத்தான் சொல்லும் அக்கா. சரியான கணக்குக்கு உங்க மெஷின்தான்" என்று சின்னவள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உடனே ஒத்துக்கொண்டதுதான் இவளுக்குப் பொறுக்கவில்லை.

மாமியாருக்கு ஆர்வம் அடங்கவில்லை. "ஏம்மா, இதை எலுமிச்சம்பழ ஜூஸ்ல ஊத்தினா எரியுமா?"

"எரியாது அத்தை. இதுங்களுக்கு ரொம்பப் புளிப்பு ஆகாது. செம்பே இல்லைன்னாலும் அணைஞ்சு போயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். மெஷினக்காவின் கணவன் டார்ச்சைக் கையில் வாங்கி, குப்பியை அப்படித் திருப்பி இப்படித் திருப்பி, "இது எப்படிம்மா வேலை செய்யுது, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து தன் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று ஒருநாள், ஒருநாள்கூட அவன் கேட்டதில்லை. இதை என்னிடம் சொன்னபோது அவள் டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டாள். அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை.

மாமியாரின் வாக்கியமும் மாறிப்போயிற்று. "எங்க சின்ன மருமக தண்ணிக்குள்ள விளக்கு ஏத்தறா" என்று தெரு முழுக்கச் சொல்லத் தொடங்கினாள். பழைய வாக்கியத்தைத் தேடுவார் இல்லை.

வீட்டோடு நின்றிருந்தால் மெஷினக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பாள். ஆனால் ஊரின் வடக்குக் கோடியில் உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறைகள் இருக்கும் தெருவிலிருந்து புகார் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஒரு மாதிரி நாற்றம், ருசியும் சரியில்லை என்றார்கள். பட்டறைக் கழிவு கிணற்றில் இறங்கியிருந்தால் செம்பு இருக்கும். தெருவில் கிணறுகளோ நிறைய. ஒவ்வொரு பாட்டிலாக மெஷினில் ஓட்டினால் எப்போது முடிப்பது? பெரிய சார், அதாவது எங்கள் தலைமை அதிகாரி, எங்கிருந்தோ கேள்விப்பட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆளை வரவழைத்தார். தண்ணீரில் ஒளிரும் துகளைப் போட்டுப் பார்க்கிற அம்மாவாம். யார் வந்து நின்றாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"உங்க வீட்டு ஆளாமே! சொல்லவே இல்லையே மெஷினக்கா!" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவளும் ஆளாளுக்குப் பல்லைக் காட்டினாள்.

விஷயம் விளையாட்டல்ல. சின்னவள் வேலை பார்ப்பது ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில். அந்தத் திட்டம் முடியப்போகிறது. தண்ணீர் அலுவலகம் ஒன்று இந்தச் சோதனை உருப்படியானது என்று எழுதிக் கொடுத்தால் திட்டம் நீளும். கொடுக்காவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. பெரிய சார் மாதக் கடைசியில் எழுதுவதாகச் சொல்லியிருந்தார். மெஷினக்காவுக்கும் இதில் பயம் இருந்தது. தெருத்தெருவாக டார்ச் போய்விட்டால் தன் அறைக்கு யார் பாட்டில் கொண்டுவருவார்கள்? மெஷின் இல்லாவிட்டால் மெஷினக்கா யார்?

சோதனை நாள் வந்தது. பட்டறைத் தெருக் கிணறுகளில் முதலில் சிலவற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வரப்பட்டது. இங்கே எங்கள் பாட்டில்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் கிருமிப் பாட்டிலுக்கு நீல மூடி. சாதாரணச் சோதனைக்கு வெள்ளை மூடி. உலோகம் பார்க்கும் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி. சிவப்பு மூடிப் பாட்டில் வெளியே போகும்போதே அதற்குள் ஆசிட் கொஞ்சம் ஊற்றிவிடுவோம். ஊற்றாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், மெஷினுக்கு வராது. காலகாலமாக இப்படித்தான். சிவப்பு மூடி என்றால் ஆசிட் உண்டு என்று எங்களில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கடல் தண்ணீரில் உப்பு உண்டு என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

பெரிய சார் நியாயஸ்தர். "ரெண்டு பேருக்கும் வேற வேற தண்ணின்னு அப்புறம் யாரும் பேசக் கூடாது. ஒரே பாட்டில்லேருந்து பாதி மெஷினுக்கு, பாதி இந்த அம்மாவுக்கு" என்றார். மெஷினக்கா சிவப்பு மூடிகளைத் திறந்து சின்னவளின் குப்பிகளில் பாதிப்பாதி ஊற்றிக் கொடுத்தாள். கடைசியில் ஒரு பாட்டில் நாங்களே காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீர், சரிபார்ப்பதற்கு. அதுவும் சிவப்பு மூடிதான். ஊற்றும்போது அவள் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கை பழக்கத்தில் செய்தது.

அறையின் விளக்கை அணைத்தார்கள். நானும் போய் ஓரமாக நின்றுகொண்டேன். சின்னவள் தான் கொண்டுவந்த குப்பியை முதலில் காட்டினாள். நீலமாக நின்று எரிந்தது. அலுவலகமே "அட!" என்றது. பிறகு முதல் கிணற்றின் குப்பியில் துகள்களைச் சொட்டுவிட்டு டார்ச் அடித்தாள். இருட்டு.

"செம்பு இருக்கு சார்."

இரண்டாவது கிணறு. அதுவும் இருட்டு. அப்போது நான் தற்செயலாக மெஷினக்காவைப் பார்த்தேன். அவள் கண் குப்பியிலிருந்து மேசை மேல் கிடந்த சிவப்பு மூடிக்குப் போயிற்று. மூடியிலிருந்து திரும்பவும் குப்பிக்கு வந்தது. வாய் ஏதோ சொல்லத் திறந்த மாதிரி இருந்தது. பிறகு அவள் திரும்பி, நன்றாக எரிந்துகொண்டிருந்த மெஷின் தீயைச் சரிசெய்யத் தொடங்கினாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. நான் கிருமிக்காரி, இந்தத் துகள்களுக்குப் புளிப்பு ஆகாது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது, நான்காவது, எல்லாம் இருட்டு. கடைசியாகச் சுத்தத் தண்ணீர். அதுவும் இருட்டு.

"ஏம்மா, இது நாங்களே காய்ச்சி வடிச்ச தண்ணி. இதுலயும் செம்பா?" என்றார் பெரிய சார். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விளக்கைப் போட்டதும் சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை.

மெஷின் தன் கணக்கைச் சொல்லிற்று. இரண்டு கிணறுகளில் செம்பு அளவுக்கு மேல்; அங்கே தண்ணீர் இறைக்க வேண்டாம் என்று அன்றே தெருவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மற்றதில் இல்லை. சுத்தத் தண்ணீரில் துளியும் இல்லை. "என்ன இருந்தாலும் மெஷின் மெஷின்தான். அந்தக் கைக்கு ஈடு ஏது?" என்று பெரிய சார் எல்லார் முன்னாலும் சொன்னார். இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். நான் அடக்கம் என்று நினைத்தேன்.

சின்னவள் குப்பிகளை மூடி, ஒன்று விடாமல் தன் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு, "பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று வீட்டில் அழுகையும் மூஞ்சியைத் தூக்குவதும் இருக்கும் என்று மெஷினக்கா பயந்துகொண்டு போனாள். ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசையில் சின்னவளே எல்லாவற்றையும் சொன்னாள். "அக்காவோட மெஷின் முன்னாடி என்னோடது ஒண்ணுமே இல்ல அத்தை. இன்னைக்கு அத்தனை பேர் முன்னாடியும் அக்காதான் ஜெயிச்சாங்க. அக்கா கைதான் கை."

மாமியார் பழைய வாக்கியத்தைத் தூசி தட்டி எடுத்தாள். "நான்தான் அப்பவே சொன்னேனே, எங்க மூத்தவ பாத்தாத்தான் ஊரே தண்ணி குடிக்கும்." கணவனோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அது சரி, உன் மெஷின் எப்படித்தான் வேலை செய்யுது? சொல்லேன்" என்று கேட்டான். அவள் சொன்னாள். தீ, விளக்கு, ஒளி என்று எல்லாம் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையையும் மென்று விழுங்கித்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. எதிரே சின்னவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க இப்படியே போயிற்று. சின்னவள் விடவே இல்லை. தொலைபேசியில் தன் அம்மாவிடம் பேசும்போதும் "எங்க அக்கா இருக்காங்களே" என்றுதான் பேச்சு. மெஷினக்கா இளைத்துப் போனாள். ஒருநாள் செம்பு விளக்கைப் போட்டுக்கொண்டு காலை முழுக்க ஈயம் தேடினாள். எல்லாத் தண்ணீரிலும் ஈயம் இல்லை என்று மெஷின் சொல்லிற்று. சன்னல் வழியாகப் பார்த்த நான் ஓடிப்போய்த் தடுத்தேன். அன்றைக்கு டீ குடிக்கும்போது குட்டை உடைத்துவிட்டாள்.

"ரெண்டாவது குப்பி அணையும்போதே எனக்குத் தெரியும். ஆசிட்டுதான். என் வீட்ல, என் மேசையில உக்காந்து எலுமிச்சம்பழக் கதை சொன்னாளே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவ ஜெயிச்சிடுவாளே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளுக்கு வேலை போயிடும், தெரியுமில்ல? அந்தத் தெருவுல மிச்சக் கிணத்துக்காரங்க எல்லாரும் உன் மெஷினுக்குக் காத்துக்கிட்டுக் கெடக்கணும். போய் சொல்லித் தொலை!"

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட. நான் படிக்க நெனச்சதை அவ படிச்சிருக்கா. நான் கேக்க நெனச்ச பாராட்டை அவ கேக்கறா. என் வீட்டுக்காரர்கூட அவ கையிலிருந்த டார்ச்சை வாங்கித்தான் கேள்வி கேக்கறார். எனக்குன்னு இருந்தது அந்த மெஷின் ஒண்ணுதான். அதையும் வேணாம்னு சொல்ல ஒருத்தி வருவா, நான் அவளுக்கு வழி சொல்லிக் குடுக்கணுமா?" இதைச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். நான் அவள் டீயை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் சொன்னதில் எதுவும் பொய்யில்லை.

விடுமுறை நாள் காலையில் மொட்டைமாடியில் இருவரும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மெஷினக்கா ஈரப் போர்வையின் ஒரு முனையைப் பிடித்திருந்தாள், சின்னவள் மறு முனையை. நடுவில் போர்வை தொங்கியதால் முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டாள்.

"அன்னைக்கு பாட்டில்ல ஆசிட் இருந்துச்சு."

சின்னவள் தன் முனையை ஒரு தரம் உதறினாள். பிறகு, "தெரியும் அக்கா" என்று வந்தது.

மெஷினக்காவின் கையிலிருந்து போர்வை நழுவியது.

"பஸ்ஸுக்கு நின்னப்பவே குப்பியத் தொறந்து காகிதத்தை நனைச்சுப் பாத்தேன். ஆசிட் பட்டா செவக்கற காகிதம், எப்பவும் பையில இருக்கும். ரத்தமா செவந்துபோச்சு. சுத்தத் தண்ணியும் அணைஞ்சா மொதல்ல அதைத்தானே பாக்கணும்? அத்தனை பேர் சிரிச்சதுல அங்க எனக்கு மூளையே ஓடல."

"அப்புறம் ஏன் வந்து சொல்லல? சார்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

சின்னவள் போர்வையைக் கொடியில் போட்டு, சுருக்கம் எடுத்து, இரண்டு கிளிப்பை மாட்டினாள்.

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் வீட்ல என்னை அப்படித் தூக்கி வச்சுப் பேசினியா?"

"ஆமா. உங்களுக்கு அது உள்ள எறங்குதான்னு பாக்கத்தான்."

மெஷினக்காவுக்குச் சுரீர் என்றது. இத்தனை நாள் பசுவென்று நினைத்த பெண்ணுக்குக் கொம்பு இருந்தது. சொல்லப்போனால் அந்த நொடியில் அவளுக்கு அந்தப் பெண்ணை முதல்முறையாகக் கொஞ்சம் பிடித்தும் போயிற்று. கூடவே ஒரு எரிச்சல்: சங்கடப்பட்டு, தூக்கம் கெட்டு, உண்மையைச் சொல்ல மாடிக்கு வந்தால், அதிலும் இவள் முந்திக்கொண்டிருக்கிறாள்!

"மறந்துட்டீங்களா, இல்ல தெரிஞ்சும் சொல்லலையா?" என்று சின்னவள் கேட்டாள்.

மெஷினக்கா குனிந்து கீழே கிடந்த கிளிப்புகளைப் பொறுக்கினாள். அதுவே பதிலாகிவிட்டது.

"சரி. மாசக் கடைசிக்குள்ள சார்கிட்ட யாராவது சொல்லணும். நான் போய் சொன்னா, நீங்க வேணும்னு செஞ்ச மாதிரி ஆயிடும். நீங்களே போய் மறந்துட்டேன்னு சொன்னா, அது வெறும் மறதி. சிவப்பு மூடிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலைங்கறதும் உண்மைதானே? நான் எதிர்த்துப் பேச மாட்டேன். வீட்டுக்கும் தெரிய வேணாம்." காலி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

நல்ல வழிதான். யாருக்கும் நஷ்டமில்லாமல், கௌரவமும் கெடாமல் வெளியே வர அவளே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் காலை அவள் வந்து இதைச் சொன்னதும் நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் மெஷினக்கா பெரிய சார் அறைக்குள் போவதைப் பார்த்துவிட்டு, கதவோரமாக இருந்த அலமாரியில் எதையோ தேடுவதுபோல் நின்றுகொண்டேன். என்ன தேடினேன் என்று யாரும் கேட்காதீர்கள்.

"சார், அன்னைக்கு அந்தப் பொண்ணுக்குக் குடுத்தது சிவப்பு மூடித் தண்ணி. அதுல ஆசிட் இருந்துச்சு. அந்தத் துகளுக்கு ஆசிட் ஆகாது. அதான் எல்லாம் அணைஞ்சுது. அவ சோதனையில தப்பு இல்ல."

"அடக் கடவுளே! நான்தானே ஒரே பாட்டில்னு சொன்னேன். எனக்கே தோணலையே. சரி, மறதிதானே, விடும்மா. மறுபடி வச்சுப் பாத்துடலாம்."

பெரிய சாரும் கதவை இன்னும் அகலமாகத்தான் திறந்துவிட்டார். அவள் நுழைந்து போய்விட வேண்டியதுதான். எனக்கு உள்ளே சிரிப்புக்கூட வந்தது.

"மறக்கல சார்" என்றாள் மெஷினக்கா. "பாதியிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுதான் சொல்லல."

"ஏன்மா?" என்றார் பெரிய சார்.

"பொறாமை சார்."

பெரிய சார் தம் சர்வீசில் எத்தனையோ காரணம் கேட்டிருப்பார். கரண்ட் இல்லை, மெஷின் பழுது, பாட்டில் உடைந்தது, வீட்டில் ஆள் சரியில்லை. இப்படி ஒரு காரணத்தை யாரும் அவர் மேசையில் கொண்டுவந்து வைத்திருக்க மாட்டார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் கழற்றினார். கடைசியில், இனிச் சில மாதங்களுக்கு அவள் பார்த்த கணக்கில் அவள் கையெழுத்து வேண்டாம், வேறொருவர் சரிபார்த்துப் போடட்டும் என்று சொன்னார். மெஷினக்காவின் கையெழுத்து இல்லாமல் ஊர் தண்ணீர் குடிக்கப் போகிறது. அவள் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நான் அவளைத் தாழ்வாரத்திலேயே பிடித்துக்கொண்டேன். "உனக்குப் பைத்தியமா? அவளும் வழி விட்டா, அவரும் வழி விட்டார். மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா?"

"அவ போட்டுக் குடுத்த வழியில போகச் சொல்றியா?" என்று சீறினாள். "ஏற்கெனவே படிப்பு அவளுக்கு, பேரு அவளுக்கு. இதுல பெரிய மனசும் அவளுக்கா? காலம் முழுக்க அவ என்னைக் காப்பாத்தினவளா இருப்பா, நான் அவ எதிர்ல உக்காந்து சோறு திங்கணுமா? போடி!"

நான் அசந்துபோய் நின்றேன். மனசாட்சிக்காக உண்மை சொல்கிறவர்கள் உண்டு, பயத்தில் சொல்கிறவர்களும் உண்டு. வயிற்றெரிச்சல் தாங்காமல் உண்மை சொன்ன ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

மறு சோதனையைப் பட்டறைத் தெருவிலேயே வைத்துக்கொண்டார்கள். இந்த முறை அதே கிணறுகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாட்டில்: மெஷினுக்குச் சிவப்பு மூடி, சின்னவளுக்கு வெள்ளை மூடி. வெள்ளை மூடியை எடுத்துக் கொடுத்தது மெஷினக்கா. கொடுக்கும்போது சின்னவள் பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் நனைத்துப் பார்த்தாள், இவள் கண் முன்னாலேயே. மெஷினக்கா அடுத்த பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினாள். அது அவளுக்கு வர வேண்டியதுதான்.

ஒரு பட்டறை வாசலில் பெஞ்சு போட்டு, மேலே கறுப்புத் துணியைக் கூடாரம்போல் பிடித்தார்கள். தெரு முழுக்கக் குனிந்து எட்டிப் பார்த்தது. டார்ச் வரிசையாக நகர்ந்தது. நீலம், நீலம், நீலம், இருட்டு. மறுபடி நீலம். இன்னும் தள்ளி ஒரு இருட்டு. மெஷின் சொன்ன அதே இரண்டு கிணறுகள். ஏற்கெனவே இறைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்த அந்த இரண்டையும் மூடிவிடும்படி அங்கேயே சொல்லிவிட்டார்கள். பெரிய சார் சின்னவளைப் பார்த்து "அருமைம்மா, இன்னைக்கே எழுதிடறேன்" என்றார். கறுப்புத் துணியின் ஒரு முனையைப் பிடித்திருந்த மெஷினக்காவை அவர் பார்க்கவில்லை. சின்னவள் பார்த்தாள். இவளும் பார்த்தாள். இருவரும் சிரிக்கவில்லை.

இப்போதும் அவர்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். மாமியாரின் வாக்கியம் மறுபடியும் சின்னவள் பக்கம் போய்விட்டது. சின்னவள் மேசையில் புதிதாக ஏதாவது சொன்னால் மெஷினக்காவின் மூக்கு விடைக்கும். அதைப் பார்த்ததும் சின்னவள், "எரியுதா அக்கா?" என்று கேட்பாளாம். "எரியுதுடி" என்பாளாம் இவள். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாதாம்.

போன வாரம் நானும் கேட்டேன். "இன்னுமா உனக்கு அடங்கல?"

மெஷினக்கா விளக்கை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எங்க அடங்கும்? அப்படியேதான் இருக்கு. ஆனா எனக்கு எரியுதுன்னு இப்ப அவளுக்குத் தெரியும். மறைக்க வேண்டியதில்ல. அதுவே பாதிச் சுமை எறங்கின மாதிரி" என்றாள். பிறகு செம்பு விளக்குதானா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, அதை மாட்டித் தீயைப் பற்றவைத்தாள்.